பெரிய படியின் விருந்தாளி

புனித ஆரோக்கியநாதர் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு படிக்கட்டுகள் உண்டு. ஒன்று ஏறுவதற்கு, மற்றொன்று ஏறாமல் இருப்பதற்கு.

ஏறாமல் இருப்பதற்கென்று வைத்திருந்ததுதான் நல்ல படிக்கட்டு. முன்வாசல் கூடத்தின் நட்டநடுவில், ரங்கூன் தேக்கில், நாலு பேர் கைகோத்து நடக்கலாம் என்கிற அகலத்தில் அது மாடிக்குப் போகும். படிகள் தாழ்வானவை. தவழும் குழந்தைகூட மூச்சு வாங்காமல் ஏறிவிடும். இருபக்கமும் எண்ணெய் தேய்த்த மாதிரி வழுவழுவென்று கைப்பிடி. பள்ளியைக் கட்டிய பெல்மோன் சாமியார் என்கிற பிரெஞ்சுக்காரருக்கு மூட்டுவலி இருந்ததாம். அதனால் படிகளை அப்படித் தாழ்வாக வைக்கச் சொன்னாராம். அவர் காலமானதும், அவர் பாதம் பட்ட இடத்தில் கண்ட கால் படக்கூடாது என்று முடிவாகி, விருந்தினர் தவிர எவரும் ஏறலாகாது என்று படியடியில் கல் நட்டார்கள். விருந்தினர் ஏறும்போது பேண்டு வாத்தியம், மாலை, வரவேற்புரை மூன்றும் இருந்தாக வேண்டும் என்பது கல்லில் இல்லை. ஆனால் வழக்கத்தில் நின்று நின்று, கல்லைவிடக் கெட்டியாகிவிட்டது.

ஏறுவதற்கான படிக்கட்டு பின்பக்கம், கக்கூஸை ஒட்டி இருந்தது. இரும்பு. திருகாணி மாதிரி சுற்றிச் சுற்றிப் போகும். பிள்ளைகள், வாத்தியார்கள், சாக்பீஸ் பெட்டி, குடிதண்ணீர்ப் பானை எல்லாம் அதில்தான் மாடிக்குப் போயாக வேண்டும்.

கீழேயே வகுப்பு வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் வெளியூர்க்காரர்கள். கீழ்த்தளத்து அறைகள் எல்லாம் வரலாற்றுக்குப் போய்விட்டன. ஓர் அறையில் பெல்மோன் சாமியார் கஞ்சி குடித்தார். அடுத்ததில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. அதற்கடுத்ததில் காய்ச்சல் விட்டது. கோடி அறையில் ஒன்றுமே நடக்கவில்லை. ஆனாலும் அங்கே அவர் எதையாவது யோசித்திருக்கக்கூடும் என்று வரலாற்றுக் குழு கருதியதால் அதையும் பூட்டிவிட்டார்கள்.

பள்ளி இருந்த சாமியார் பங்களாத் தெருவும் ராமநாதபுரத்தின் மற்றத் தெருக்களைப் போலக் கிடையாது. கட்டடம் பழம்பெருமை உடையது என்றால் தெருவும் அதற்குத் தக்கபடி நடந்துகொள்ள வேண்டும் என்று தாளாளர் சவரிராயன் அடிகளார் எதிர்பார்த்தார். எதிரே டீக்கடை வைத்திருந்த சதக் பாயின் போர்டு, பள்ளியைப் போட்டோ பிடிக்கும்போது ஓரத்தில் விழுகிறது என்று கழற்றச் சொன்னார்கள். கழற்றினார். பிறகு பாய் டீ ஆற்றுவது போட்டோவில் விழுகிறது என்றார்கள். அன்றிலிருந்து கேமராவைக் கண்டால் அவர் டீயை ஆற்றாமலே கொடுத்தார். தெருவில் நாக்கு வெந்தவர்கள் அதிகம்.

இந்தப் பெருமை எதுவும் தெரியாமல்தான் எண்பத்து மூன்றாம் வருஷம் ஜூன் மாதம் செல்லச்சாமி தன் மகளைச் சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குள் நுழைந்தார். ஆலங்கண்மாயில் அவருக்கு மிளகாய்க் கொல்லை. ஒரே பிள்ளை நாகலெட்சுமி. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இளம்பிள்ளை வாதம் கண்டு அவளுக்கு வலது கால் சூம்பிப்போயிற்று. சமதரையில் முழங்கால்மேல் கையை ஊன்றி ஊன்றி நடந்துவிடுவாள். படிப்பில் படுகெட்டி. ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு நின்றுவிட்டது. காலுதான் போச்சு, படிப்பையாவது விடக்கூடாது என்று தாய்க்காரி பூமயில் ஒற்றைக்காலில் நின்றாள். டவுனிலேயே பெரிய பள்ளிக்கூடம் என்று எல்லாரும் சொன்னதால் இங்கே சேர்த்தார்கள்.

ஆறாம் வகுப்பு மாடியில். இரும்புப் படியில் அவளால் ஏற முடியவில்லை. செல்லச்சாமி காலையில் தூக்கிக்கொண்டு ஏறினார். மத்தியானம் தூக்கிக்கொண்டு இறங்கி, மறுபடி ஏறினார். சாயங்காலம் இறக்கினார். நடுவில் ஊருக்குப் போய்வர நேரமில்லாததால் சதக் பாய் கடை பெஞ்சிலேயே பகலெல்லாம் உட்கார்ந்திருந்தார். கொல்லையில் களை இடுப்பளவு வளர்ந்தது. அதைவிட அவரை வருத்தியது, தூக்கும்போதெல்லாம் மகள் முகத்தை அவர் தோளுக்குள் புதைத்துக்கொள்வது. பதினோரு வயதுப் பெண்ணுக்கு, கூடப் படிக்கிறவர்கள் பார்க்க அப்பன் இடுப்பில் ஏறிப்போவது என்பது சாவாக இருந்தது.

ஒருநாள் அவளே முன்வாசல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "அய்யா, அந்தப் படின்னா நானே ஏறிருவேன்" என்றாள்.

செல்லச்சாமி தாளாளரைப் போய்ப் பார்த்தார். சவரிராயன் அடிகளார் வெள்ளை அங்கியும் வெள்ளைத் தாடியுமாக, பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும் மனிதர். யார் எந்தக் கஷ்டத்தைச் சொன்னாலும் கண்கலங்குவார். கலங்கின கண்ணோடே இல்லை என்று சொல்லும் வித்தை அவருக்கு வாய்த்திருந்தது.

"சாமி, எம்புள்ள மட்டும் அந்த முன்னாடிப் படியில ஏறிக்கிறட்டும்" என்று செல்லச்சாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கேட்டார். "கைப்பிடியப் பிடிச்சு அதுவா ஏறிரும். யாரும் தூக்க வேணாம். பேருக்கு ஒரு சத்தங்கூட வராது."

அடிகளார் கண்கலங்கினார். குழு கூடும் என்றார்.

பெரிய படிப் பாதுகாப்புக் குழு என்று ஒன்று இருந்தது. அது ஆடி மாதம் முழுக்கக் கூடியது. கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டால் ஒரே நிமிஷத்தில் முடிந்தது என்று ஓர் உறுப்பினர் சொன்னார். கல்லுக்குப் பதில் அவரைப் பிடுங்கினார்கள். பெல்மோன் சாமியாருக்கே மூட்டுவலி இருந்ததே, நோய்க் காலுக்காகக் கட்டிய படிதானே என்று இன்னொருவர் கேட்டார். சாமியாரின் மூட்டுவலி வரலாறு என்றும் சிறுமியின் கால் வெறும் கால் என்றும் அவருக்கு விளக்கப்பட்டது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்து, காலைக் கூட்டத்தில், செல்லச்சாமியை முன்னால் நிறுத்திவைத்து அடிகளார் அறிவித்தார்.

"விதியைத் தளர்த்துவது எளிது. இரக்கப்படுவது அதைவிட எளிது. எளிய காரியங்களைச் செய்யவா நாங்கள் துறவறம் பூண்டோம்? இந்தச் சிறுமி மாணவி. மாணவி பெரிய படியில் ஏறக்கூடாது. ஆனால் விருந்தினர் ஏறலாம். ஆகவே இவளை நாம் விருந்தினர் ஆக்குகிறோம். விதியும் பிழைத்தது, அன்பும் பிழைத்தது. எதை முதலில் காப்பாற்றினோம் என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். செல்லச்சாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏறலாம் என்று சொல்லிவிட்டார்கள் என்பது மட்டும் புரிந்தது. அதுவே போதும் என்று நெஞ்சு நிறைந்து, இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார்.

மறுநாள் காலையில் அவர்கள் வாசலுக்கு வந்தபோது பேண்டு வாத்தியக்காரர்கள் இருபக்கமும் நின்றார்கள். பள்ளிப் பிள்ளைகளேதான், ஆனால் தலையில் சிவப்புத் தொப்பி. டமடமவென்று அடித்தார்கள். அடிகளார் ரோசாப்பூ மாலையைக் கொண்டுவந்து நாகலெட்சுமியின் கழுத்தில் போட்டார். மாலை அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கி, ஊன்ற வேண்டிய கையை மறைத்தது. புலவர் பொன்னுச்சாமி என்கிற தமிழாசிரியர் வரவேற்புரை வாசித்தார். எந்த விருந்தினர் வந்தாலும் அவர் வாசிப்பது அதே உரைதான், பேரை மட்டும் மாற்றுவார்.

"ஏறுபோல் பீடுநடை நடந்து வரும் எங்கள் இன்முக விருந்தினரே" என்று புலவர் தொடங்கினார். நாகலெட்சுமி தன் காலைப் பார்த்தாள். பிறகு உரை முடியும்வரை வேறெங்கும் பார்க்கவில்லை. உரையில் பெல்மோன் சாமியார் கப்பலேறி, புயலில் தப்பி, பாம்பனில் கரையிறங்கி, மாட்டுவண்டியில் வந்து, கஞ்சி குடித்து, காய்ச்சல் கண்டு, காய்ச்சல் விட்டு, பள்ளி கட்டியாக வேண்டியிருந்தது. அது முடிந்து அவள் கைப்பிடியைப் பிடித்தாள். பிடித்தபின் நிற்கவில்லை. யாரும் தொடாமல், தானாகவே, மேல்படிவரை ஏறி நின்று திரும்பி அப்பனைப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்து செல்லச்சாமி கூடத்தில் நின்றபடியே அழுதுவிட்டார். இவ்வளவுக்கும் பிறகு இந்த ஒரு நிமிஷத்துக்காக அவர் அடிகளாரை மன்னிக்கத் தயாராக இருந்தார்.

அவள் வகுப்புக்குள் போனபோது கணக்குப் பாடம் முடிந்திருந்தது.

முதல்நாள் மரியாதை, நாளைக்குச் சும்மா விட்டுவிடுவார்கள் என்று செல்லச்சாமி நினைத்தார். நாளைக்கும் பேண்டு அடித்தது. மறுநாளும் மாலை வந்தது. பெல்மோன் சாமியார் தினமும் கப்பலேறினார். நாகலெட்சுமிக்குத் தினமும் கணக்குப் பாடம் போயிற்று. பேண்டு அடிக்கும் பிள்ளைகளுக்கும் போயிற்று. வரவேற்பு நடக்கும்போது அலுவலகத்தைச் சாத்திவிட வேண்டும் என்பதால், மகனின் சான்றிதழுக்காகத் தங்கச்சிமடத்திலிருந்து பஸ் ஏறி வந்த ஓர் அம்மாள் வாசலிலேயே காத்துக் கிடந்துவிட்டு, மீன் ஏலத்துக்கு நேரமாகிறது என்று திரும்பிப்போனாள். ஏசுவே, நான் உம் பேரில் ஞானஸ்நானம் வாங்கினவள்தானே, எனக்கு யாரும் மேளம் அடிக்கவில்லையே என்று அவள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனதைச் சதக் பாய் கேட்டார்.

வகுப்புக்குள் இன்னொரு கூத்து. விருந்தினரைப் பெஞ்சில் உட்கார வைக்கலாமா? மேடை போட்டு, பிள்ளைகளைப் பார்த்தபடி, வெல்வெட் வைத்த உயர்ந்த நாற்காலி போட்டார்கள். விருந்தினர் கூட்டத்துக்கு முதுகு காட்டக்கூடாது. அதனால் அவள் கரும்பலகைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். வாத்தியார் எழுதுவதை எதிரே இருக்கிற பிள்ளைகள் நோட்டில் எழுத, அதைத் தலைகீழாகப் படித்துப் பழகிக்கொண்டாள். இங்கிலீஷ் எழுத்துகளை அவள் முதன்முதலில் அப்படித்தான் கற்றாள். வாத்தியார்கள் அவளைக் கேள்வி கேட்கவில்லை. விருந்தினருக்கு விடை தெரியாமல் போனால் பள்ளிக்கல்லவா அவமானம். அவள் கையைத் தூக்கினால் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

ஊரில் வேடிக்கை பார்க்கக் கேட்க வேண்டுமா? காலையில் தெரு அடைத்துக்கொண்டது. பூக்கடைக்காரர் பள்ளி வாசலுக்கே கடையை மாற்றிவிட்டார். கேணிக்கரையிலிருந்தெல்லாம் ஆள் வந்து, இன்றைக்கு எந்த விருந்தாளி என்று கேட்டு, அதே பிள்ளைதானா என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததைச் செல்லச்சாமி மெதுவாகத்தான் புரிந்துகொண்டார். அன்றாடம் கணக்கு இல்லை என்று மகள் சாப்பிடாமல் படுத்தபோது பூமயில்தான் சத்தம் போட்டாள். மாலையும் வேணாம், மயிரும் வேணாம், பழையபடி நீங்களே தூக்கிட்டுப் போயி விட்டுட்டு வாங்க என்றாள். அதுவும் சரிதான் என்று மறுநாள் விடியும்போதே வந்து, மகளைத் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கம் போனார். நாகலெட்சுமியும் இந்தத் தடவை முகத்தைப் புதைக்கவில்லை. இரும்புப் படியடியில் காவலாளி தனுஷ்கோடி நின்றிருந்தார்.

"அண்ணே, என்னய வையாதீக" என்றார் தனுஷ்கோடி. "விருந்தாளிய கக்கூஸ் வழியா விட்டா பள்ளிக்கூடத்துக்குக் கேவலமாம். எனக்கு வேல போயிரும். முன்பக்கமா வாங்க, நான் பேண்டுக்குச் சொல்றேன்."

செல்லச்சாமி டீக்கடையில் வந்து உட்கார்ந்தார். வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாம் என்றால் மாற்றுச் சான்றிதழ் வேண்டும். போய்க் கேட்டதற்கு, விருந்தினருக்கு மாற்றுச் சான்றிதழ் தரும் வழக்கம் உலகத்திலேயே இல்லை என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். சதக் பாய் டீயை நன்றாக ஆற்றி அவர் கையில் கொடுத்தார்.

"விருந்தும் மருந்தும் மூணு நாளும்பாங்க" என்றார் பாய். "ஒம்மக மூணு மாசமா விருந்தாளியா இருக்கு. இது நல்லதுக்கு இல்லப்பா."

அரைப் பரீட்சை வந்தது. எல்லாருக்கும் கேள்வித்தாள் கொடுத்தார்கள். நாகலெட்சுமிக்கு ஒரு தட்டில் பொன்னாடையும் சுவர்க்கடிகாரமும் வந்தன. வந்த விருந்தினரைச் சோதித்துப் பார்ப்பது தமிழர் பண்பாடா என்று புலவர் பொன்னுச்சாமி கேட்டார். அவள் முன்வரிசையில் இருந்த பெண்ணிடம் ஒரு தாள் கடன் வாங்கி, தலைகீழாகத் தெரிந்த கேள்விகளுக்கெல்லாம் விடை எழுதி வாத்தியாரிடம் நீட்டினாள். வாத்தியார் அதை வாங்கி, திறந்துகூடப் பார்க்காமல் கண்ணில் ஒற்றிக்கொண்டு, விருந்தினர் கைப்பட எழுதியது என்று கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். அதில் ஒரு கணக்கு தப்பு என்று அவளுக்கே பிற்பாடு தெரிந்தது. போகிறவர் வருகிறவரெல்லாம் அந்தத் தப்பைக் கும்பிட்டுக்கொண்டு போனார்கள்.

செல்லச்சாமி கடிகாரத்தைத் திருப்பிக் கொண்டுபோய் அடிகளாரின் மேசைமேல் வைத்தார்.

"சாமி, இதெல்லாம் எங்களுக்கு எதுக்கு? புள்ளைக்கு மார்க்குப் போடுங்க. ஏழாங் கிளாசுக்குப் போகணும்ல. பெயிலுன்னாலும் பெயிலுன்னு போடுங்க."

அடிகளார் கண்கலங்கினார். "செல்லச்சாமி, நீர் பாமரன், அதனால் கோபம் வரவில்லை" என்றார். "உம்முடைய மகளின் பெயரை மாணவர் வருகைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டோம். ஒருவரே வீட்டாராகவும் விருந்தினராகவும் இருக்க முடியுமா? இந்தக் கட்டடத்தில் படித்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் எவர் பெயராவது எனக்குத் தெரியுமா? ஒன்றும் தெரியாது. ஆனால் பெரிய படியில் ஏறின ஒவ்வொருவர் பெயரும் மனப்பாடம். இப்போது சொல்லும், உம்முடைய மகளுக்கு நாங்கள் குறை வைத்துவிட்டோமா?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியே வரத்தை வாரி வாரிக் கொடுத்தார், கேட்டதை மட்டும் கொடுக்கவில்லை. செல்லச்சாமி கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்தக் குடிசையில் அது மணிக்கொரு தரம் அடித்துப் பூமயிலின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டது.

பொங்கல் கழிந்து பெல்மோன் சாமியார் திருநாள் வந்தது. அடிகளாரின் சபைக்கு மாநிலத் தலைவராக இருந்த பெரிய சாமியார் சிறப்பு விருந்தினராக வருகிறார் என்று தெரு முழுக்கத் தோரணம் கட்டினார்கள். அப்போதுதான் குழுவுக்கு ஒரு சிக்கல் தட்டியது. ஒரே நாளில் இரண்டு விருந்தினர். யார் மூத்தவர்? பெரிய சாமியாருக்கு எழுபது வயது, ஆனால் பெரிய படியில் அவர் ஏறப்போவது அதுதான் முதல் தடவை. நாகலெட்சுமி தினமும் ஏறியவள். வழக்கப்படி பார்த்தால் அவள்தான் மூத்தவள். ஆகவே அவள் மேல்படியில் மாலையோடு நின்று பெரிய சாமியாரை வரவேற்பது என்று தீர்மானமாயிற்று. பெரிய சாமியாரின் கார் திருப்புல்லாணி விலக்கில் பஞ்சராகி நின்றுவிட்டது. வரும்வரை அவள் மாலையை ஏந்திக்கொண்டு நின்றாள். வரவேற்பவர் உட்காருவது மரியாதை அல்ல என்று நாற்காலியை எடுத்துவிட்டார்கள். ஒற்றைக்காலில் பாரத்தைப் போட்டு அவள் உடம்பு நடுங்குவதைக் கீழேயிருந்து செல்லச்சாமி பார்த்துக்கொண்டே நின்றார். மேலே ஓடிப்போய்த் தாங்கிக்கொள்ளலாம் என்றால், அவர் விருந்தினர் இல்லை.

பெரிய சாமியார் வந்தார், ஏறினார், அமர்ந்தார். ஊனமுற்ற ஓர் ஏழைச் சிறுமியை அரியணையில் வைத்த பள்ளி என்று நெகிழ்ந்து பேசினார். பிறகு மூத்த விருந்தினர் சிறப்புரை ஆற்றுவார் என்று புலவர் அறிவித்து, மைக்கை இறக்கி அவள் வாய்க்கு நேரே வைத்தார்.

நாகலெட்சுமி மைக்கைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குப் பரீச்ச வைங்க சாமி" என்றாள். "ஏழாங் கிளாசுக்குப் போகணும்."

எழுபது வயதுக்காரர், எல்லாருக்கும் மேலே இருப்பவர், இவர் காதில் விழுந்தால் போதும் என்று செல்லச்சாமி நினைத்தார். அவர் காதில் விழவும் செய்தது. பெரிய சாமியார் எழுந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்தப் பணிவைப் பாருங்கள்" என்றார். "எல்லாரும் வணங்கும் இடத்தில் இருந்துகொண்டு, இன்னும் படிக்க வேண்டும் என்கிறாள். இவளுக்கு நாம் பாடம் நடத்துவதா? இவளல்லவா நமக்குப் பாடம்! இவள் அமர்ந்த அறையை அப்படியே பாதுகாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பேண்டு அடித்தார்கள்.

ஏப்ரலில் தேறியவர்களின் பெயரை ஒட்டினார்கள். அதில் நாகலெட்சுமி இல்லை. தேறாதவர்கள் பெயரை வாய்மொழியாகக் கூப்பிட்டுத் திட்டினார்கள். அதிலும் அவள் இல்லை. கோடை முழுவதும் செல்லச்சாமி நடையாய் நடந்தார். அடிகளார் ஒவ்வொரு முறையும் கண்கலங்கினார்.

ஜூனில் பள்ளி திறந்த அன்று, கடைசியாக ஒருதரம் கேட்டுப் பார்ப்போம் என்று மகளையும் கூட்டிக்கொண்டு போனார். போனவர் முற்றத்தில் அசந்து நின்றுவிட்டார். ஆறாம் வகுப்பு வேப்பமரத்தடியில் நடந்துகொண்டிருந்தது. மாடியில் இருந்த அறையைப் பெரிய சாமியார் சொன்னபடி பூட்டி, நாகலெட்சுமி அமர்ந்த அறை என்று பலகை மாட்டிவிட்டார்கள். வேறு அறை இல்லாததால் பிள்ளைகள் தரைக்கு வந்துவிட்டார்கள். வெறும் மண்தரை. படி இல்லை, வாசல் இல்லை, ஒரு தடுக்குக்கல்கூட இல்லை. இதைத்தான் போன ஜூனிலிருந்து அவர் கேட்டுக்கொண்டிருந்தார், என்ன பேர் சொல்லிக் கேட்பது என்று தெரியாமல்.

அவர் வாயைத் திறக்குமுன் நாகலெட்சுமி அவர் கையை விட்டுவிட்டாள். முழங்காலில் ஊன்றி ஊன்றி நடந்துபோய், இரண்டாவது வரிசையில், இரண்டு பெண்களுக்கு நடுவே உட்கார்ந்தாள். கரும்பலகை நேராகத் தெரிந்தது. நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தாள்.

யாரோ ஓடிப்போய்ச் சொல்ல, அடிகளார் செருப்புக்கூடப் போடாமல் வந்தார்.

"விருந்தினரை மண்ணில் உட்கார வைத்தார்கள் என்று நாளைக்கு வரலாறு எங்களைக் காறித் துப்பாதா? எழுந்திரும்மா."

"சாமி" என்றார் செல்லச்சாமி. அவர் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. "அவ விருந்தாளியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. படிக்க வந்த புள்ள. இங்கன இருந்து எந்திரிக்க மாட்டா."

அடிகளார் கொஞ்சநேரம் யோசித்தார். விருந்தினரைக் கையைப் பிடித்து எழுப்புவது மரியாதை அல்ல. அதே சமயம் விருந்தினர் தரையில் மாணவர்களோடு மாணவியாக இருக்கவும் முடியாது. விருந்தினரை அகற்ற முடியாதபோது அகற்றக்கூடியது ஒன்றுதான் இருந்தது. வாத்தியாரைப் பார்த்துத் தலையசைத்தார். மணி அடித்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பையை எடுத்துக்கொண்டு எழுந்து, வரிசையாகப் பின்பக்கம் போய், இரும்புப் படியில் ஏறி, மொட்டைமாடி வெயிலுக்குப் போனார்கள். கரும்பலகையையும் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். தடதடவென்று இரும்பு அதிரும் சத்தம் நிற்கிறவரை நாகலெட்சுமி குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். எழுத ஒன்றும் இல்லாதபோதும் எழுதினாள்.

செல்லச்சாமிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தாடியைப் பிடித்து உலுக்கலாமா என்றுகூடத் தோன்றியது. பெரிய மனிதர் முன்னால் ஓராண்டாகத் துண்டை இடுப்பில் கட்டி நின்றதற்காகத் தன்மீதே காறித் துப்பலாம் போலிருந்தது. துண்டை எடுத்துத் தோளில் போட்டார். மகளைக் கூப்பிட்டார். அவள் வந்தாள். விருந்தினர் விடைபெறுகிறார் என்று யாரோ சைகை காட்ட, வாசலில் பேண்டு அடித்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சந்தைக்குப் போகும் வழியில் கீற்றுக் கொட்டகை போட்ட அரசுப் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. தலைமையாசிரியை பாண்டியம்மாள் டீச்சர் மாற்றுச் சான்றிதழ் கேட்டார். இல்லை என்றதும் சலித்துக்கொண்டார். ஏழாவதில் சேர்க்க முடியாது, ஆறாவதையே மறுபடி படிக்கட்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, ஒரு மூலையைக் காட்டி உட்காரச் சொன்னார். ஒரு வருஷம் மண்ணாய்ப் போயிற்று. அதற்கு யாரிடமும் நியாயம் கேட்க முடியாது. செல்லச்சாமி கொல்லைக்குப் போய்க் களை பிடுங்கினார். அவருக்கு நம்பிக்கை இல்லை.

சாயங்காலம் வந்தபோது நாகலெட்சுமி கொட்டகை வாசலிலேயே நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"அய்யா, கணக்கு டீச்சர் என்னய வஞ்சுட்டாங்க" என்றாள். "எருமமாடே, வகுத்தல்கூடத் தெரியலையான்னு காதப் பிடிச்சுத் திருகிட்டாங்க. பாருங்க." நோட்டைப் பிரித்து நீட்டினாள். பக்கம் பூராவும் சிவப்பு மையால் குறுக்குக்கோடு.

"அழுதியாத்தா?"

"மொதல்ல அழுகையா வந்துச்சு. பெறகு எப்படிப் போடணும்னு டீச்சரே சொல்லிக் குடுத்தாங்க." அவள் கேரியரில் ஏறி உட்கார்ந்து நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "நாளைக்குத் திரும்பப் போட்டுக் காட்டணும். வெரசா மிதிங்க, இருட்டிரும்."